தந்தவர் பெயர் தெரியவில்லை

ராஸ் எல் மெல்ஹ், கெர்க்கென்னா தீவு
14 மார்ச் 1982

அன்புள்ள வசீலா அத்தைக்கு,

உங்களுக்கும் மாமாவுக்கும் இறைவன் நல்ல சுகம் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நான் உங்கள் அண்ணன் மொஸ்பாஹின் மகள் சுந்துஸ். நீங்கள் ஃபிரான்சில் மார்செய்க்குப் போனபோது எனக்கு மூன்று வயது என்று உம்மா சொன்னார். இப்போது பதினான்கு. உங்கள் முகவரியை உம்மாவின் துணிப்பெட்டியில் ஒரு பழைய உறையில் பார்த்து எழுதிக்கொண்டேன். உம்மாவுக்குத் தெரியாது. பாபாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆகவே கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

பாபா பழைய சுங்கச் சாவடியில் அருங்காட்சியகம் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியுமா? இரண்டு அறைகள், நூற்று நாற்பத்து மூன்று பொருள்கள். காலையில் கடலுக்குப் போய்விட்டு மதியத்துக்குமேல் அதைத் திறந்து வைப்பார். நகராட்சி எழுத்தர் ஹமாதி போன மாதம் வந்தார். “இது மியூசியமா, உங்க வீட்டுப் பரணா மொஸ்பாஹ்? எங்க கொட்டகையில இதைவிட நெறைய கெடக்கு, டிக்கெட் போட்டுரட்டுமா?” என்று கேட்டுச் சிரித்தார். பாபா சிரிக்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒழுங்காக அட்டை எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். பொருள் என்ன, யார் தந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை எனக்கு.

அத்தை, அறுபத்தொன்றாம் எண் ஒரு பத்திரம். நாம் கடலில் ஓலைவேலி நட்டு மீன் பிடிக்கும் ‘எல் பெய்தா’ கடற்பங்கின் பத்திரம். பாபாவின் பதிவேட்டில் அதற்கு நேரே ‘தந்தவர் பெயர் தெரியவில்லை’ என்று இருக்கிறது. நம் கடற்பங்கின் பத்திரத்தை யார் தந்தார் என்பது நமக்கே எப்படித் தெரியாமல் போகும்? அதன் கண்ணாடிச் சட்டத்தைத் துடைக்கும்போது பின்பலகை கழன்றுவிட்டது. காகிதம் பாதியில் மடித்துப் பின்னால் செருகியிருந்தது. மடிப்புக்குள் இருந்ததைப் படித்துவிட்டேன். தாத்தா அலி எல் பெய்தாவைத் தன் மகள் வசீலாவுக்கு முழுதாகக் கொடுத்தார் என்று எழுதி, இரண்டு பத்திர எழுத்தர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இருந்தபடியே மடித்து மாட்டிவிட்டேன். இது உண்மையா? என் தோழி ரதியாவின் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சுந்துஸ்


மார்செய்
2 ஏப்ரல் 1982

கண்ணே சுந்துஸ்,

உன் நலமும் உன் உம்மாவின் நலமும் நீடிக்கட்டும். உன் மாமாவுக்கு முழங்கால் வலி தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை.

ஓர் ஆச்சரியம் சொல்லட்டுமா? நானும் ஓர் அருங்காட்சியகத்தில்தான் வேலை செய்கிறேன். தரை துடைக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களைப் பற்றியது, சின்னது. ஒன்பது வருடம் துடைத்ததில் சில விஷயம் தெரிந்துகொண்டேன்.

மேற்கு ஜன்னலுக்கு எதிரே காகிதம் எதையும் மாட்டக் கூடாது. வெயில் மையைத் தின்றுவிடும். பேய்க்கணவாய் பிடிக்கும் சட்டிகளுக்கு எண்ணெய் பூசி மினுக்காதே. அதில் ஒட்டிய கிளிஞ்சலோடு இருக்கட்டும், கடலில் கிடந்ததற்கு அதுதான் சாட்சி. பொருள்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. உப்புச் சுவர் எல்லாவற்றையும் அரிக்கும். அட்டையில் ‘மரச்சாமான், பழையது’ என்று எழுதினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கொடுத்தவரிடம் போய்க் கேள், அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுது. சின்னப் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் நாலு பொருளாவது இருக்கட்டும்.

உன் பாபாவுக்குக் குளிர்காலத்தில் இருமல் வருமே, இந்த வருடம் எப்படி இருந்தது?

அன்புடன்,
அத்தை


ராஸ் எல் மெல்ஹ்
20 ஏப்ரல் 1982

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவின் முழங்கால் தேறியதா? இங்கே எல்லோரும் சுகம். பாபாவுக்கு இருமல் பிப்ரவரியில் வந்து போய்விட்டது.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் கேட்டதற்குப் பதில் அதில் இல்லை.

ஆனால் நீங்கள் சொன்னதில் என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். கிழவர் பூராவி தன் சட்டியைப் பற்றிச் சொன்னதை அப்படியே அட்டையில் எழுதினேன்: “இதுல ஒரே நாள்ல மூணு பேய்க்கணவாய் கெடச்சுது. அன்னிக்குத்தான் எனக்குக் கல்யாணம் பேசுனாங்க. எது பெரிய வேட்டைன்னு இன்னும் தெரியல.” போன வெள்ளிக்கிழமை பதினேழு பேர் வந்து அதைப் படித்துச் சிரித்தார்கள். பூராவியின் மனைவியும் வந்தார். சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம்.

பாபா என்னைக் கூப்பிட்டு, “இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா ஒனக்கு?” என்றார். பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது என்றேன். “நல்ல புத்தகமா இருக்கே,” என்றார். அவர் என்னைப் பார்த்த நேரம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. உங்கள் கடிதத்தை வீட்டில் வைக்கவில்லை. பதினான்காம் எண் சட்டிக்குள் போட்டிருக்கிறேன். அதன் வாயில் யாரும் கைவிட மாட்டார்கள்.

உம்மாவிடம் மட்டும் உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். “அந்தப் பேரை இங்க எடுக்காத. ஒங்க பாபாவுக்குச் சோறு எறங்காது,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போல இருந்தது.

உண்மையா இல்லையா என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

சுந்துஸ்


மார்செய்
11 மே 1982

கண்ணே,

உன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன். மாமாவின் முழங்கால் தேறிவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உண்மை. என் திருமணத்தன்று என் தந்தை எனக்கு எழுதிக் கொடுத்தது. நானும் உன் மாமாவும்தான் மூன்று வருடம் அதில் ஓலை நட்டோம். தந்தை இறந்த பிறகு உன் பாபா ஒரு தாளைக் கொண்டு வந்தார். “பொம்பளைக்கு எதுக்குக் கடலு? கையெழுத்துப் போடு, நான் பாத்துக்கறேன்,” என்றார். நான் போடவில்லை. அந்தக் கோடையில் உன் மாமாவுக்கு இங்கே வேலை கிடைத்தது, கிளம்பிவிட்டோம். பத்திரம் அங்கே வீட்டுப் பெட்டியிலேயே இருந்துவிட்டது.

பங்கைக் கொடு என்று நான் என்றுமே கேட்டதில்லை. மார்செயில் உட்கார்ந்துகொண்டு கடலில் நான் என்ன செய்யப் போகிறேன்? ஆனால் இலையுதிர்காலத்தில் ஓலை நடும் முன் பங்குக்காரரிடம் கேட்பது நம் தீவு வழக்கம். தந்தையின் பங்கில் நடும் மகன்கூடக் கேட்பான். கேட்காமல் நடுபவனுக்கு அங்கே என்ன பெயர் என்று உனக்கும் தெரியும். பங்குக்காரர் ‘நடு’ என்பார், முதல் நாள் மீன் அவர் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். பதினொரு இலையுதிர்காலம் போய்விட்டது.

அந்தக் காகிதத்தை எரிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. பாதியை மடித்துக் கண்ணாடிக்குள் போட்டுவிட்டார். நீ அதைத் தொடாதே. மடித்தவர்தான் விரிக்க வேண்டும்.

அத்தை


ராஸ் எல் மெல்ஹ்
30 மே 1982

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக நம்புகிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

தலைநகரிலிருந்து காகிதம் வந்திருக்கிறது. அக்டோபர் நான்காம் தேதி ஒரு குழு வந்து பார்க்குமாம். ஏற்றுக்கொண்டால் நம் அருங்காட்சியகத்துக்குப் பதிவும் புதிய கூரையும் கிடைக்கும். ஏற்காவிட்டால் பொருள்களையெல்லாம் பெட்டியில் போட்டு ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பூராவியின் சட்டி வரை எல்லாம். பாபா அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார்.

காகிதத்தில் இரண்டு நிபந்தனை. ஒவ்வொரு பொருளுக்கும் தந்தவர் கையெழுத்திட்ட அட்டை வேண்டும். பூச்சி இருக்கிறதா என்று பார்க்க எல்லாச் சட்டங்களையும் திறப்பார்கள்.

எல்லாச் சட்டங்களையும், அத்தை. அன்றைக்கு ஊரே வந்து நிற்கும். ஹமாதி முன்னால் நிற்பார். அவர்கள் அறுபத்தொன்றைத் திறந்து, மடிப்பை விரித்து, உரக்கப் படிப்பார்கள். பாபா மறைத்து வைத்தார் என்றும், கேட்காமல் நடுகிறார் என்றும் ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாபாவைக் கூட்டத்துக்கு நடுவில் அப்படிப் பார்க்க என்னால் முடியாது. உங்கள் பெயர் மடிப்புக்குள்ளேயே இருக்கட்டும் என்றும் என்னால் நினைக்க முடியவில்லை.

‘நான்தான் அருங்காட்சியகத்துக்குத் தந்தேன்’ என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புவீர்களா? அப்படிச் செய்தால் எல்லோரும் தப்பிவிடலாம்.

சுந்துஸ்


ராஸ் எல் மெல்ஹ்
2 ஜூலை 1982

அன்புள்ள அத்தைக்கு,

நோன்பு உங்களுக்குச் சிரமமில்லாமல் நடக்கிறதா? என் கடிதம் கிடைத்ததா? ரதியா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறாள். “ஒனக்கு ஃபிரான்சுல மாப்பிள்ளை பாத்திருக்காங்களா?” என்று அவர் அவளைக் கேலி செய்கிறாராம்.

நான் கேட்டது தவறா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பாபா மேற்கு ஜன்னலுக்கு நீலத் திரை போட்டார். வெயில் மையைத் தின்னும் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் போட்டுவிட்டார். “எதுக்கு பாபா இது?” என்று கேட்டேன். “மை இருக்கணுமே,” என்றார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது, அத்தை?

சுந்துஸ்


ராஸ் எல் மெல்ஹ்
25 ஜூலை 1982

அத்தைக்கு,

பெருநாள் வாழ்த்துகள். இன்னும் உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா?

இன்று பதினான்காம் எண் சட்டியில் கைவிட்டுப் பார்த்தேன். உங்கள் இரண்டு கடிதங்களும் இருக்கின்றன. ஆனால் நான் மே மாதக் கடிதத்தை மேலே வைத்திருந்தேன். இப்போது அது அடியில் இருக்கிறது. எலியாக இருக்கலாம் என்று சொல்லிக்கொள்கிறேன். எலி உறைக்குள் திருப்பிச் செருகுமா?

பாபா ஒன்றும் கேட்கவில்லை. பெருநாளன்று என் தலையில் கைவைத்து, “அட்டை இன்னும் எத்தனை பாக்கி?” என்றார். ஒன்று என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

அவர் திட்டினால் தேவலை போலிருக்கிறது.

சுந்துஸ்


மார்செய்
20 ஆகஸ்ட் 1982

சுந்துஸ் கண்ணே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. நான் மூன்று பதில் எழுதிக் கிழித்தேன்.

முதல் பதிலில் கையெழுத்திட்ட அட்டையே இருந்தது. உறையை ஒட்டிய பிறகு பிரித்துவிட்டேன். நான் தரவில்லை அம்மா. தந்தேன் என்று எழுதினால் அன்று அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உனக்காக வேறு எதையும் செய்வேன். இதைச் செய்ய முடியாது.

அவருக்கு அவமானம் வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை என்பதை நம்பு. கூட்டத்துக்கு நடுவில் அவரைப் பார்க்க உன்னால் முடியாது என்று எழுதியிருந்தாய். என்னாலும் முடியாது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மற்ற இரண்டையும் கிழித்தேன்.

அவர் கேட்கட்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடம் கேட்கட்டும். இதற்குமேல் எழுதத் தெரியவில்லை. இரவில் கண்விழித்து எழுதாதே, படிப்பு கெடும்.

அத்தை


ராஸ் எல் மெல்ஹ்
26 செப்டம்பர் 1982

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்ததே நிம்மதி. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. நான்கு நாள் இருந்தது. பிறகு அட்டை எழுத உட்கார்ந்தபோது போய்விட்டது, ஏனென்றால் பொய்யாக ஓர் அட்டை எழுத எனக்கும் கை வரவில்லை.

குழு வர எட்டு நாள்தான் இருக்கிறது. பாபாவும் நானும் தரையில் சுண்ணாம்பால் கடற்பங்குகளின் வரைபடம் போட்டோம். பங்கு பங்காக, பெயரோடு. பிள்ளைகள் அதில் நடந்து தங்கள் வீட்டுப் பங்கைத் தேடுகிறார்கள். ஹமாதி வந்து பார்த்தார். “இப்பத்தான் மியூசியம் மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டு, எல் பெய்தா மேல் நின்றுகொண்டு, “இது ஒன்னோடதுதானே மொஸ்பாஹ்?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். பாபா சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஈச்ச ஓலை வெட்டிக் கரையில் அடுக்கியாயிற்று. மற்ற பங்குகளில் நடத் தொடங்கிவிட்டார்கள். பாபா இன்னும் தொடங்கவில்லை.

நேற்று இரவு நான் ஒன்று செய்தேன். நீங்கள் காகிதத்தைத் தொடாதே என்றீர்கள், தொடவில்லை. அறுபத்தொன்றுக்கு அட்டை மட்டும் எழுதினேன். ‘பொருள்: எல் பெய்தா பத்திரம். உரியவர்: வசீலா, அலியின் மகள்.’ தந்தவர் கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டேன். அதைப் பாபாவின் பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இன்று மதியம் அவர்தான் முதலில் திறப்பார்.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது.

சுந்துஸ்


ராஸ் எல் மெல்ஹ்
6 அக்டோபர் 1982

வசீலாவுக்கு,

அண்ணன் மொஸ்பாஹ் எழுதுவது. நீயும் உன் கணவரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இருமல் இல்லை. நீ கேட்டிருந்தாய்.

பதினான்காம் எண் சட்டியைத் தூசி தட்டியபோது உள்ளே கடிதம் இருந்தது. ஜூன் மாதமே படித்தேன். படித்திருக்கக் கூடாது. எடுத்த இடத்தில் வைத்தேன், ஆனால் வரிசை மாறிவிட்டது போலிருக்கிறது. சட்டியைக் காட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பதினொரு வருடம் கழித்து அது ஒன்றைப் பிடித்துவிட்டது.

பெண் அட்டையைப் பதிவேட்டில் வைத்திருந்தாள். அதையும் பார்த்தேன். ஏழு நாள் ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் தேதி சட்டத்தைக் கழற்றி விரித்தேன். காகிதம் நீளம், சட்டம் பாதிதான். தீவு முழுக்கத் தேடினேன், அந்த அளவுக்குக் கண்ணாடி இல்லை. கடைசியில் நம் வீட்டுக் கூடத்து ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, அதன் அளவுக்குப் பலகை அறுத்துச் சட்டம் செய்தேன். உன் அண்ணி, “காத்து உள்ள வருது, எதுக்கு இப்படிச் செய்றீங்க?” என்றாள். சொன்னேன். அவள் அழுதாள். பிறகு அவளே பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

குழு வந்தது. மூன்று பேர். தலைவி ஓர் அம்மாள், கையில் டார்ச். ஊரும் வந்தது. அறுபத்தொன்றின் முன்னால் நின்று முழுதும் படித்தார். “ஒங்க தங்கச்சியா? கையெழுத்து இல்லையே,” என்றார். “இன்னும் கேக்கல,” என்றேன். ஹமாதி உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுந்துஸ் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு கையெழுத்து வரும்வரை முடிவு சொல்ல முடியாது என்று எழுதிக்கொண்டு போனார்கள். இந்த மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். வெற்று அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ என்ன எழுதினாலும் அதைத்தான் வைப்பேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலும் சரி.

இன்னொன்று. ஓலை கரையில் கிடக்கிறது. தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருக்கிறேன். காய்ந்தால் இந்த வருடம் நட முடியாது. நடலாமா?

மொஸ்பாஹ்


மார்செய்
17 அக்டோபர் 1982

அண்ணாவுக்கும், அண்ணிக்கும், சுந்துஸுக்கும்,

தந்தி கிடைத்திருக்கும். அதில் ‘நடுங்கள்’ என்று ஒரே சொல் அனுப்பினேன். தபால் நிலையத்துப் பெண், “இதே காசுக்கு இன்னும் ஒம்பது வார்த்தை போடலாம்மா,” என்றாள். வேண்டாம் என்றேன்.

முதல் நாள் மீன் எனக்கு வர வேண்டும். உப்புப் போட்டுக் காய வைத்து அனுப்புங்கள், சுங்கத்தில் மூக்கைப் பிடிப்பார்கள், பரவாயில்லை. உன் மாமா இப்போதே சட்டி கழுவி வைத்துவிட்டார், சுந்துஸ். குளிர் வருவதற்குள் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுங்கள். அண்ணாவுக்கு மறுபடி இருமல் வரும்.

சுந்துஸ், இனி எனக்கு எழுதுவதைப் பகலில் எழுது. வீட்டு முகவரியே போதும்.

அட்டையை நிரப்பிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். குழு ஏற்குமோ ஏற்காதோ எனக்குத் தெரியாது. இதைத் தவிர வேறு எழுத மாட்டேன்.

எண்: 61
பொருள்: எல் பெய்தா கடற்பங்கின் பத்திரம்
தந்தவர்: தரவில்லை. வசீலா, அலியின் மகள், எல்லோரும் படிப்பதற்காக வைத்திருக்கிறாள்.
குறிப்பு: மடிக்கக் கூடாது.